மாசிலாமணி ஷெட்டுக் குழி

"குழியில நான் எறங்கணும் மாமா. கொஞ்சம் தள்ளிக்குங்க."

வெண்ணிலா இப்படிக் கேட்டதும் மெக்கானிக் மாசிலாமணி கையிலிருந்த டார்ச்சை அணைக்க மறந்து அப்படியே நின்றார். அவள் அப்பா பச்சைமுத்து சட்டென்று ரோட்டுப் பக்கம் திரும்பி, போகிற லாரிகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அம்மா வீரம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு மகளின் முழங்கையைக் கிள்ளினாள்.

"வரும்போதே சொன்னனா இல்லியா? எது வேணா கேளு, குழிய மட்டும் கேக்காதன்னு தலப்பாடா அடிச்சிக்கினனே!"

சொன்னாள்தான். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும்போதும் சொன்னாள். அதனாலேயே கேட்க வேண்டும் என்று வெண்ணிலாவுக்குத் தோன்றியது என்று சொன்னால் அது பொய். அப்பாவின் வண்டிக்குக் கீழே போய்ப் பார்க்காமல் ஒழுகலைக் கண்டுபிடிக்க முடியாது. கீழே போக அந்தக் குழியை விட்டால் வேறு வழி இல்லை. அவ்வளவுதான்.

திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற ரோட்டில், புளியமர நிழலில் தகரம் போட்ட ஷெட் அது. நடுவில் குழி. இரண்டு பக்கமும் செங்கல் கட்டி, ஆள் நெஞ்சு உயரத்துக்குத் தோண்டியது. மேலே வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி நின்றபடி வேலை பார்க்கலாம். குழி வெட்டியபோது சேவல் அறுத்தார்கள். அமாவாசைக்கு அமாவாசை எலுமிச்சம்பழம் கட்டிக் கற்பூரம் காட்டுவார்கள். பொம்பளை கால் வைத்தால் மேலே நிற்கிற வண்டி உருண்டுவிடும் என்று ஒரு பேச்சு. எப்போதோ ஒரு வேன் ஜாக்கியிலிருந்து நழுவியது. அன்று காலையில் கீரை விற்கிறவள் ஒருத்தி குழியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. ஜாக்கி தேய்ந்து போயிருந்தது மட்டும் ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

"இல்லம்மா," என்றார் மாசிலாமணி, தன்மையாகத்தான். "நீ படிச்ச பொண்ணு, இதெல்லாம் நம்ப மாட்ட. நானும் ரொம்ப நம்பறவன் கெடையாது. ஆனா நாலு பேரு வண்டி வுடற எடம். நாளைக்கு ஒண்ணுன்னா ஒம்மேலதான் பழி வுழும்."

"வுழட்டும் மாமா. பொழுது எறங்கறதுக்குள்ள தென்னரசு அண்ணன் வந்துருவாரு. அப்பறம் நான் எங்க எறங்கிப் பாக்கறது?"

தென்னரசு பழைய வண்டி வாங்கி உடைத்து விற்கிறவன். பச்சைமுத்து வண்டியைத் தருவதாக அவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். வண்டி போனதும் அடுத்த வாரம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு குடோனில் அவருக்கு அவனே பிடித்துக் கொடுத்த வாட்ச்மேன் வேலை. தூங்குவதற்கும் அங்கேயே ஒரு தகரக் கொட்டகை. வீட்டுக்கு எப்போது வருவார் என்று கேட்டால், "லீவு குடுத்தா வருவேன்" என்கிறார். வண்டி பழைய டீசல் வண்டி, குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிறவர்கள் பிடிக்கிற பெரிய வண்டி. வாடகை வண்டி ஸ்டாண்டில் அதை வைத்துத்தான் பச்சைமுத்து மகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தார். அவர்கள் தெருவில் காலேஜ் முடித்த முதல் ஆள் அவள். அவள் மெக்கானிக்கல்தான் எடுப்பேன் என்றபோது ஸ்டாண்டே சிரித்தது. பச்சைமுத்து சிரிக்கவில்லை. "எம்மவ இன்ஜினு படிக்கிறா" என்று வெற்றிலை போடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த வண்டிதான் இப்போது ஒழுகுகிறது. ரேடியேட்டரில் தண்ணீர் நிற்பதில்லை. இன்ஜின் பக்கவாட்டில் ஆயில் கசிவு. இது போதாதென்று ஸ்டீரிங் பக்கம் செக்கச்செவேல் என்று சொட்டுகிறது. முந்தின நாள் பார்த்துவிட்டு மாசிலாமணி கையை விரித்துவிட்டார். செவப்பு என்றால் பவர் ஸ்டீரிங் ஆயில், அடியில் சக்கரத்தைத் திருப்புகிற ரேக் மொத்தமும் போச்சு. தண்ணீர் குறைகிறது என்றால் இன்ஜின் தலையில் இருக்கிற ஹெட் பேக்கிங் போச்சு. "ரெண்டையும் செய்யறதுக்கு வேற வண்டி வாங்கிடலாம் பச்சமுத்து" என்று சொல்லிவிட்டார். அவர் ஏமாற்றுகிற ஆள் இல்லை. ஏமாற்றுகிறவராக இருந்தால் இரண்டையும் செய்கிறேன் என்றல்லவா சொல்லியிருப்பார்?

ஷெட்டுக்குப் பின்னால்தான் வீடு. மாசிலாமணியின் சம்சாரம் பூமாலை ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னா பஞ்சாயத்து?"

"ஒண்ணும் இல்ல பூமால. பொண்ணு குழியில எறங்கணும்ன்றா."

"எறங்கட்டுமே."

"நீ வேற... தெரிஞ்சிக்கினே பேசற பாரு."

"எனக்கு இன்னா தெரியும்? வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நீங்கள்லாம் டீ குடிக்கப் போனதும் இந்தக் குழியில எறங்கி ஆயில வழிச்சி, சோப்புப் போட்டுக் கழுவி வுடறது யாருன்னு நெனச்ச? முனியா வந்து கழுவிட்டுப் போவுது?"

மாசிலாமணி குழியையும் பூமாலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ... எறங்குவியா?"

"பின்ன? மேல நின்னுக்கினு தண்ணி ஊத்தினா கறை போயிடுமா? கல்யாணம் ஆயி வந்ததுலேருந்து எறங்கிக்கினுதான் இருக்கேன். எந்த வண்டி உருண்டுச்சி?"

முதலில் சிரித்தது வீரம்மாள்தான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாசிலாமணி தலையைச் சொறிந்தார். பிறகு டார்ச்சை வெண்ணிலாவிடம் நீட்டினார்.

"படியில பாத்து எறங்கு. வழுக்கும்."

பூமாலையைத் திரும்பிப் பார்த்தாள் வெண்ணிலா. விழுப்புரத்தில் அவள் வேலை பார்க்கிற கார் சர்வீஸ் சென்டரில், வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாருக்கும் நாளெல்லாம் "தேங்க்யூ சார், தேங்க்யூ மேடம்" சொல்கிறாள். அந்த வார்த்தையை இங்கே எடுத்தால் எச்சில் தட்டில் பரிமாறுகிற மாதிரி இருக்கும். சொல்லாமலே இறங்கினாள்.

குழிக்குள் வேறு வெயில், வேறு காற்று. அப்பாவின் பழைய காக்கிச் சட்டையைச் சுடிதாருக்கு மேல் போட்டிருந்தாள், வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. வண்டியின் வயிறு தலைக்கு மேலே. முன்பக்கம் கம்பிகளிலும் ரப்பர் உறைகளிலும் செவப்புச் செவப்பாய்த் தடம். மாசிலாமணி சொன்னது தப்பே இல்லை, யார் பார்த்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

ரேக் போகவில்லை, அதற்குப் போகிற பைப்பில்தான் எங்கேயோ கீறல் என்று அவள் காலையிலேயே முடிவு கட்டியிருந்தாள். விரலால் பைப்பைத் தடவித் தடவிப் பார்த்தாள். வளைவுகளில், மூட்டுகளில், எங்கேயும் கீறல் இல்லை. கழுத்து வலித்தது. வெயில் தகரத்தில் ஏறி உச்சிக்கு வந்துவிட்டது.

"கெடச்சிதா?" மேலிருந்து மாசிலாமணி.

"இல்ல மாமா. பைப்பு நல்லாத்தான் இருக்குது. நான் நெனச்சது தப்பு."

"நான்தான் சொன்னனே, ரேக்குதாம்மா."

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. கையெல்லாம் கரி. பூமாலை குழி ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து போனை அவள் காதில் வைத்தாள். சென்டர் மேனேஜர்.

"வெண்ணிலா, கஸ்டமர்ஸ் க்யூல நிக்கிறாங்கம்மா. சொல்லாம லீவு போட்டா எப்படி? ரெண்டு மணிக்குள்ள சீட்ல இருக்கணும். இல்லனா வேற ஆளு போட்டுக்குவோம்."

"வண்டிக்கு அடியில இருக்கேன் சார்."

"எங்க?"

"வண்டிக்கு அடியில."

இந்த மேனேஜரிடம்தான் அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், என்னை உள்ளே வண்டி வேலைக்கு விடுங்கள் என்று. "அந்தப் பக்கம் லேடீஸ் பாத்ரூம் இல்லம்மா" என்பார். பாத்ரூம் கட்டுங்கள் என்றால் சிரிப்பார். மெக்கானிக்கல் படித்துவிட்டு, மற்றவர்கள் வண்டியில் என்ன கோளாறு என்று கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கோளாறைக் கண்ணால் பார்த்ததில்லை.

"வையுங்க அத்த," என்றாள் பூமாலையிடம். போன் அடங்கியது.

ஆத்திரத்தில் கையைக் கம்பியில் ஓங்கி வைத்தாள். செவப்பு விரலில் ஒட்டியது. அப்போதுதான் அதைத் தேய்த்துப் பார்த்தாள். வழுக்கவில்லை. ஆயில் என்றால் இரண்டு விரலுக்கு நடுவில் வழுக்க வேண்டும். இது தண்ணீர் மாதிரி பரவி, காய்ந்ததும் மாவு மாதிரி உதிர்ந்தது. முகர்ந்தாள். ஆயில் வாடை இல்லை. வேறு ஏதோ வாடை, தெரிந்த வாடை, பேர்தான் வாயில் வரவில்லை.

"அப்பா! ஸ்டீரிங் ஆயில் கொறையுதுன்னு எப்பனா ஊத்தினியா?"

"நான் எதுக்கு ஊத்தறேன்? அத நான் தொட்டதே கெடையாது."

"மாமா, அந்த ஆயில் டப்பாவ மூடியத் தொறந்து பாருங்க."

டப்பா கறுத்துப் போய் வெளியிலிருந்து அளவு தெரியாமல் இருந்தது. மாசிலாமணி மூடியைத் திருகிக் குச்சியைத் தூக்கிப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடியும் விட்டுப் பார்த்தார்.

"ரொம்பி இருக்குதே," என்றார் மெதுவாக.

"அப்ப சொட்டறது எங்கேருந்து வருது?"

வெண்ணிலா மேலே ஏறி வந்தாள். இன்ஜின் ஆறிக் கிடந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டாள். விரல் மஞ்சளாக வந்தது, பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கொத்து மாதிரி. அந்த வாடையின் பேர் இப்போது தெரிந்தது.

"அப்பா. இங்க வா."

பச்சைமுத்து வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "இன்னாம்மா?" என்றார்.

"ரேடியேட்டர்ல இன்னா போட்ட?"

"தண்ணி."

"தண்ணிகூட?"

பச்சைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். பதில் வீரம்மாளிடமிருந்து வந்தது.

"அட படுபாவி மனுசா! எம் மஞ்சத்தூளு! டப்பால வச்சா வச்ச எடத்துல கரையுதேன்னு நான் எலி மேல சந்தேகப்பட்டுக்கினு இருக்கேன்!"

"லாரிக்காரங்கல்லாம் போடறதுதான்டி," என்றார் பச்சைமுத்து பரிதாபமாக. "ஓட்ட அடைக்கும்னு சொன்னாங்க. ரெண்டு நாளு நின்னுச்சி. அப்பறம் மறுபடியும் ஒழுவிச்சி. மறுபடியும் போட்டேன். பொண்ணு கிட்ட சொன்னா திட்டுவா. அதான்."

"மஞ்சள்னா மஞ்சளாத்தானப்பா ஒழுவணும்?" மாசிலாமணி குறுக்கிட்டார். "நான் பாத்தது செவப்பு. ஊத்துன ரத்தம் மாதிரி செவப்பு."

வெண்ணிலா அப்பாவின் முகத்தையே பார்த்தாள். "ஷெட்டுக்கு எடுத்தாறதுக்கு முன்னாடி வண்டியக் கழுவினியா?"

"கழுவாம எப்டி எடுத்தாறது? அழுக்கு வண்டியக் கொண்டாந்து நிறுத்தினா அண்ணன் இன்னா நெனப்பாரு? ஆசுபத்திரிக்குப் போறவன் குளிச்சிட்டுப் போவ மாட்டானா? பானெட்டத் தொறந்து உள்ளலாம் சோப்புத்தூளு போட்டுத் தேச்சி..."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. டீ கிளாஸ் ஒன்றை எடுத்து ரேடியேட்டரைக் கொஞ்சம் திறந்துவிட்டுத் தண்ணீரைப் பிடித்தாள். கை கழுவ வைத்திருந்த சோப்புத்தூளை ஒரு சிட்டிகை கிள்ளிப் போட்டாள். கிளாஸை ஆட்டினாள். மஞ்சள் கலங்கி, பழுத்து, எல்லார் கண் முன்னாலும் செவந்து போனது.

"ஆலம்!" என்றாள் பூமாலை. "ஆலம் சுத்தறதுக்கு மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு போட்டா ஆவுமே, அதேதான்!"

மாசிலாமணி கிளாஸை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் சுருங்குமோ என்று வெண்ணிலாவுக்குப் பயம். சுருங்கவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார், கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

"பச்சமுத்து, வண்டிக்கு ஆலம் சுத்திக் கொண்டாந்து வுட்டு என்னப் பேஜாராக்கிட்டியேய்யா! கண்ணு செவப்புன்னுச்சி, கைய வச்சிப் பாக்காம வுட்டுட்டேன் பாரு. நல்ல வேள எறங்கினம்மா நீ. வாக்குக் குடுத்துட்டேன்னு உங்கப்பன் வண்டிய அனுப்பியிருந்தா, அந்தப் பாவம் எனக்குல்ல வந்திருக்கும்."

தப்பை இப்படிச் சிரித்துக்கொண்டே மடியில் வாங்கிக்கொள்கிற ஆம்பளையை வெண்ணிலா அதுவரை பார்த்ததில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சிரிச்சது போதும் மாமா, ஒழுவற எடம் இன்னும் தெரியல" என்றாள் வெடுக்கென்று.

சாப்பிட்டுவிட்டுத்தான் என்றாள் வீரம்மாள். கேப்பைக் கூழைத் தூக்குவாளியிலேயே மோர் விட்டுக் கரைத்தாள். பூமாலை அவித்த மல்லாட்டைக் கடலையைத் தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தாள். வாசலில் இருந்த பெஞ்சியில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து தின்றார்கள். வடக்கே மேகம் கட்டிக்கொண்டு வந்தது. பச்சைமுத்து உரித்த பருப்பையெல்லாம் தான் தின்னாமல் மகள் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"திட்டுடீ," என்றார்.

"தின்னுட்டுத் திட்டறேன்."

பிறகு வேலை. சோப்பு இல்லாமல் வெறும் தண்ணீரில் இன்ஜினைக் கழுவினார்கள். கம்ப்ரசர் காற்றை வைத்து இண்டு இடுக்கெல்லாம் ஊதி உலர்த்தினார்கள். வெண்ணிலா பூமாலையிடம் முகப் பவுடர் கேட்டாள். பூமாலை டப்பாவையே எடுத்து வந்தாள். ஈரம் பட்டால் காட்டிக் கொடுக்கும் என்று, சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் வெண்ணிலா அதைத் தூவினாள், இன்ஜின் கல்யாணத்துக்குக் கிளம்பியது போலாயிற்று. ரேடியேட்டரில் குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, பச்சைமுத்து வண்டியைக் கிளப்பினார். அவள் மறுபடியும் குழிக்குள். இந்தத் தடவை யாரும் எதுவும் சொல்லவில்லை.

இன்ஜின் சூடேறட்டும் என்று காத்திருந்தாள். தலைக்கு மேல் பெல்ட் ஓடுகிற காற்று முகத்தில் அடித்தது. எதுவும் வரவில்லை. இன்னும் வரவில்லை. பிறகு, வாட்டர் பம்ப்பின் அடியில், கண்ணுக்கே தெரியாத ஒரு சின்னத் துளையில், பவுடர் நனைந்து கறுத்தது. ஒரு மஞ்சள் துளி திரண்டது. காற்று அதைப் பின்னால் அடித்துச் சிதறவைத்தது. அது போய் விழுந்தது நேராக ஸ்டீரிங் ரேக்கின் மேல்.

"மாமா! வாட்டர் பம்ப்பு! பம்ப்பு மட்டுந்தான்! உள்ள இருக்கற சீல் போயிருக்குது!"

"பக்கவாட்டுல ஆயிலு?"

"அது மேலேருந்து வழியுது. மேல் மூடி இருக்குதே, டேப்பட் கவரு, அது பேக்கிங் காஞ்சி போயி கெடக்குது. ஹெட்டுக்கு ஒண்ணும் இல்ல!"

மேலே வீரம்மாள் யாரையோ கும்பிட்டாள். எந்தச் சாமியை என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

கண்டுபிடித்தது வெண்ணிலா, கழற்றியது மாசிலாமணி. இன்ஜின் ஆறியதும் துருப்பிடித்து இறுகிக் கிடந்த போல்ட்டுகளை அவர் தட்டி, சூடு காட்டி, கெஞ்சிக் கழற்றிய விதம் எந்த லேபிலும் அவளுக்குக் காட்டப்படாதது. "அவசரப்பட்டா ஒடஞ்சிப் போவும். கொஞ்சம் முன்ன திருப்பு, கொஞ்சம் பின்ன திருப்பு. ஆங். அப்டித்தான்." ஸ்பானரை அவள் கையில் கொடுத்து, கையின் மேல் கை வைக்காமல், வாயால் மட்டும் சொல்லிக் கொடுத்தார். ரேடியேட்டரைக் கழுவியபோது சாம்பார் மாதிரி மஞ்சள் சேறு கொழகொழவென்று வந்துகொண்டே இருந்தது. பச்சைமுத்து அந்தப் பக்கமே பார்க்காமல் புது பம்ப் வாங்க டவுனுக்கு ஓடினார். புது பேக்கிங் வைத்து மூடி, புது பம்ப்பை மாட்டி, பெல்ட்டை இழுத்துக் கட்டி முடிப்பதற்குள் மழை தூறி ஓய்ந்தும் விட்டது.

மயிலம் மலை அடிவாரம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தார்கள். சூட்டு முள் நடுவில் போய் நின்றது. நின்றது நின்றதுதான். திரும்பி வரும்போது பச்சைமுத்து இடது கையால் மகளின் தலையை ஒரு தடவை தொட்டுவிட்டு மறுபடியும் கியரைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கைக்கு அவள் பட்ட கடனை எந்தச் சம்பளத்தாலும் அடைக்க முடியாது. அடைக்க வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

ஷெட்டு வாசலில் தென்னரசு காத்துக்கொண்டிருந்தான், வண்டியைக் கட்டி இழுக்க ஆளோடு.

"இன்னாண்ணே, பொணம் எழுந்து ஓடுது?"

"குடுக்கலப்பா," என்றார் பச்சைமுத்து. "வாக்கு தப்பறேன். மன்னிச்சிக்கோ."

"நெசமாவா? குடோன்ல கேட்டா இன்னா சொல்றது?"

"வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு. எனக்கு வண்டி இருக்குது."

ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்த தென்னரசு தரையில் கிடந்த மஞ்சள் சேற்றைப் பார்த்தான், விஷயம் கேட்டான், தொடையில் தட்டிச் சிரித்தான். "அப்டியே கொஞ்சம் கடுகு தாளிச்சிருக்கலாம்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெண்ணிலா மண்ணெண்ணெயில் கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நாளைக்கு வர்றேன் மாமா."

"எதுக்கும்மா? வண்டிதான் ரெடி ஆயிடுச்சே."

"ஓரத்துல நிக்குதே நீல வண்டி, அதுவும் அடியில ஒழுவிக்கினு இருக்குது. காலையிலேருந்து பாக்கறேன்."

மாசிலாமணி அவளைப் பார்த்தார், பச்சைமுத்துவைப் பார்த்தார். "ஆபீசு?"

"அங்க சொல்லிக்கிறேன்."

"ஏன்டி!" வீரம்மாள் அலறினாள். "ஏசி ரூமுடீ அது! கை கருக்காத வேலடீ!"

"எனக்குக் கை கருக்கணும்மா."

"அவசரப்படாதம்மா," என்றார் மாசிலாமணி. "ஊட்ல கலந்து பேசு. நானும் யோசிக்கணும் இல்ல? நாலு பேரு இன்னா சொல்லுவாங்கன்னு ஒண்ணு இருக்குது. அப்பறம் இந்தச் செருப்பப் போட்டுக்கினுலாம் தெனம் குழியில நிக்க முடியாது. ஆயிலு வழுக்கி வுட்ரும். அதுக்குன்னு ஷூ இருக்குது, கெட்டி ஷூ..."

"அது எங்க விக்கிது மாமா?"

"எது?"

"ஷூ."

"திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழ, ஹார்டுவேர் கடையில. அதுக்கு இன்னா இப்ப? நான் சொல்ல வந்தது இன்னான்னா..."

பூமாலை கிசுகிசுத்தாள்: "ஜல்தியா போ. அவன் வெளக்கு வச்சதும் மூடிடுவான்."

மாசிலாமணி யோசிக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாக இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ரோட்டில் விழுப்புரம் பஸ் நின்று, அவளைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அது போகட்டும் என்று நின்று, ரோட்டைத் தாண்டி, ஈரத் தாரில் திண்டிவனத்தைப் பார்த்து நடந்தாள் வெண்ணிலா. அவள் கால் அளவுக்கு அந்தக் கடையில் ஷூ இருக்குமா என்பது மட்டும்தான் இன்னும் தெரியவில்லை.